நான்காம் பகுதியைத் தேடி எடுத்த அம்மையாருக்கு

எண்ணில் பிழை பொறாத எங்கள் ஏட்டரசியே! ஏய்ப்பறியா எழுத்துக்கு இலக்கணமாய் இருந்தவரே! மாத்திரை ஒன்றின் எடையில் மயிரிழை பிசகினாலும் மதிய உணவை மறந்துவிடும் மாண்பினரே! மருந்துப் பரிசோதனைக் கூடத்தின் மாடிப்படிகளை முப்பத்திரண்டு ஆண்டுகள் ஏறி இறங்கி, முழங்கால் வலி ஒன்றை மட்டும் முழுமையாகச் சம்பாதித்துக்கொண்ட முதுநிலைப் பதிவேட்டாளர் அம்மையாரே! வணங்குகிறோம்.

இன்று மாலையோடு பணி ஓய்வு பெறும் தங்களை வாழ்த்த இம்மடலுக்கு ஒரு முதல் வரைவு எழுதியிருந்தோம். அதில் தாங்கள் வானம்; தாங்கள் கடல்; தாங்கள் வற்றாத ஊற்று. எவர் போய் வத்தி வைத்தாரோ தெரியாது, மறுநாளே தாங்கள் எங்கள் மேசை முன் வந்து நின்றீர்கள்.

"எழுதுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா என் மூஞ்சிக்கு நேரா வானம், கடல்னு படிச்சீங்கன்னா எழுந்து போயிருவேன். நடந்தத நடந்தபடி எழுதுங்க. யாரோ ஒருத்திக்கு நடந்த மாதிரி எழுதுங்க, உக்காந்து கேக்கறேன்."

ஆகவே, அவையோரே, இனி வருவது யாரோ ஒருத்தியின் கதை. அவருக்கு மடிப்பக்கா என்று பெயர் வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அப்படித்தான் அழைத்து வருகிறோம்; அது அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். கசங்காத சேலை, கலையாத மடிப்பு, கைக்குட்டைகூட நான்காய் மடிந்து நாற்புறமும் ஒத்திருக்கும். அந்தப் பெயர் பிறந்ததற்கு வேறு காரணமும் உண்டு, அதற்குத்தான் வருகிறோம்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூடத்தில் காகிதக் குறிப்பேடுகளை எடுத்துவிட்டு, கணினிக் குறிப்பேடு என்ற ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய ஆட்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. 'இந்தப் பகுதியைக் காப்பி போடுங்கள்' என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னபோது, சமையலறைப் பக்கம் போய்ப் பாலை அடுப்பில் வைத்தவர் எங்களில் ஒருவர். அவர் இப்போது முன்வரிசையில் அமர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். 'ஏற்றுமதி' என்ற பொத்தானைக் கண்டு, எந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்படுகிறது என்று கேட்டவரும் உண்டு. மடிப்பக்கா மட்டும் யாரையும் கேட்கவில்லை. மூன்று வாரம் வாய் திறவாமல் உட்கார்ந்து, அந்த மென்பொருளின் மூலை முடுக்கெல்லாம் துழாவிவிட்டுத்தான் எழுந்தார்.

தெரியாதவர்க்காக ஒரு வார்த்தை. அந்தக் குறிப்பேட்டில் ஒரு சோதனைக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்குள் பல பகுதிகள்: மாதிரி, முறை, எடை, ஏதேனும் இருந்தால் விளக்கம், முடிவு என்று வரிசையாக எண்ணிட்டு நிற்கும். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் சின்னதாய் ஒரு முக்கோணம். அதை அழுத்தினால் பகுதி மடிந்து தலைப்பு மட்டும் தெரியும்; இன்னொரு முறை அழுத்தினால் விரியும். மடிப்பதில் அரசியான நம் அம்மையாருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. எல்லார் மேசையிலும் பதினொரு விதிகள் கொண்ட ஒரு தாளை ஒட்டினார். அதில் ஏழாம் விதி: 'சரிபார்த்து முடித்த விளக்கப் பகுதியை மடித்து வைக்கவும். பார்ப்பவர் கண்ணுக்கு முடிவு முதலில் தெரியட்டும்.' நாங்கள் மடித்தோம். மறந்தவர் பக்கத்தை அவரே மடித்தார். புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது கழிப்பறை எங்கே என்பது. அடுத்தது ஏழாம் விதி.

சென்ற ஆண்டு அந்த மென்பொருளுக்கு வயதாகிவிட்டது என்று புதியதொன்றை வாங்கினார்கள். பழைய பக்கங்கள் அனைத்தையும் ஏற்றுமதி செய்து, அச்சிட்டு, கட்டாய்க் கட்டி வைக்கும் பொறுப்பு மடிப்பக்காவிடம் வந்தது. மொத்தம் நான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தையும் விடாமல் ஏற்றுமதி செய்தார். ஒவ்வொரு கட்டின் மேலும் 'முழுமையான நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்திட்டார். அவர் கையெழுத்து இருந்தால் அதற்கு மேல் எவரும் திறந்து பார்ப்பதில்லை.

இந்த ஆண்டு மேலிடத்து ஆய்வாளர்கள் மூவர் வந்தார்கள். கட்டுகளில் கை போன போக்கில் ஒன்றை உருவினார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பக்கம். குழந்தைகளுக்கான வலிப்பு மாத்திரை. எடை போட்டவர் எங்கள் தராசுக்காரர். பத்தொன்பது ஆண்டுகளாகத் தராசறையிலேயே இருப்பவர். உரக்கப் பேசினால் தராசின் எண் ஆடும் என்று வீட்டிலும் மெல்லப் பேசிப் பழகியவர். அந்தப் பக்கத்தில் முதலில் ஓர் எடை இருந்தது, அது தேறவில்லை. அடுத்து இன்னோர் எடை இருந்தது, அது தேறியது. ஏன் இரண்டாம் முறை போட்டார் என்பதற்கு ஒற்றைச் சொல் இல்லை.

எங்கள் தொழிலில் கொலைபாதகம் என்று ஒன்று உண்டென்றால், அது தேறும்வரை சோதித்துத் தேறியதை மட்டும் காட்டுவதுதான். ஆய்வாளர்கள் முகம் இறுகியது. மூன்றே நாளில் தராசுக்காரரை வேலையிலிருந்து விலக்கி வைத்து, விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார்கள். குற்றம் நிலைத்தால் வேலை போகும். அதோடு நில்லாது, இந்தத் தொழிலில் வேறு எந்தக் கூடமும் அவரை வாசற்படி ஏற்றாது.

தராசுக்காரர் சொன்னது இதுதான். அன்று தராசறையின் சன்னலைப் பழுது பார்க்கக் கழற்றி வைத்திருந்தார்கள். காற்று புகுந்து தராசு நிலைகொள்ளவில்லை. ஆகவே முதல் எடையைத் தள்ளிவிட்டுப் பக்கத்து அறைத் தராசில் மறுபடி போட்டார். இவ்வளவையும் அப்போதே பக்கத்தில் எழுதினார். 'எழுதினேன் என்கிறாய், எங்கே எழுத்து?' என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

மடிப்பக்காவும் முதல் இரண்டு நாள் அவரை நம்பவில்லை. எழுதியிருந்தால் தாளில் இருந்திருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இதை விழுங்காமல் எழுத வேண்டும் என்று எங்களிடம் கறாராகச் சொன்னவரும் அவரே.

மூன்றாம் நாள் தராசுக்காரரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். அழுவார், கெஞ்சுவார் என்று மடிப்பக்கா ஆறுதல் சொற்களைத் தயாராக வைத்திருந்தார். அந்தப் பெண் அழவில்லை. கணவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார், மகள் 'அப்பா ஏன் வேலைக்குப் போகல' என்று கேட்கிறாள் என்றார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, அவர் எழுதினாரா இல்லையான்னு உங்களுக்குக்கூடத் தெரியாதா?"

மடிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியும் என்று சொல்ல வழியில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை கைப்பையை மேசையில் வைப்பதற்கு முன் கட்டை எடுத்துப் பிரித்தார். எல்லாரும் எடைகளையே உற்றுப் பார்த்த தாளில், அவர் எடைகளைப் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்த பகுதி எண்களைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நான்கைக் காணோம்.

நேராக இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் நல்ல மனிதர். இதே கூடத்தில் சோதனையாளராய்ச் சேர்ந்து மேலே வந்தவர். ஆனால் அன்று அவர் தலைக்கு மேல் வெள்ளம். நான்காம் பகுதியைத் தராசுக்காரரே அழித்திருக்கலாம் அல்லவா என்றார். அழித்தால் அழித்த தடம் இருக்கும் என்றார் மடிப்பக்கா. இயக்குநர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இன்னும் இருபத்தாறு நாளில் ஓய்வு; கட்டுகள் கட்டியாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று; கரையேறும் நேரத்தில் எதற்காகச் சேற்றில் காலை விட வேண்டும் என்று அக்கறையோடுதான் கேட்டார். மடிப்பக்கா பழைய கணினி இருக்கும் கிடங்கின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

கிடங்கில் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் ஓடாத குளிர்பெட்டிக்கும் நடுவே அந்தக் கணினி கிடந்தது. 'இம்மாத இறுதியில் கழிக்கப்படும்' என்று நெற்றியில் சீட்டு ஒட்டியிருந்தது. பழைய குறிப்பேடு உயிரோடு இருந்தது அது ஒன்றில்தான். எங்கள் கணினிக்காரர் வந்து தூசி தட்டி, இருமி, இணைப்புகளைச் செருகினார். பொத்தானை அழுத்தியதும் மேடேறும் லாரி போல உறுமிக்கொண்டு அது கண் விழித்தது.

பக்கம் திறந்தது. மூன்றுக்குக் கீழே நான்கு இருந்தது. மடிந்திருந்தது. மடிப்பக்கா முக்கோணத்தை அழுத்தினார்.

'சன்னல் கழற்றப்பட்டுள்ளது. காற்றால் தராசு நிலைகொள்ளவில்லை. முதல் எடை தள்ளப்படுகிறது. இரண்டாம் அறைத் தராசில் மறு எடை எடுக்கப்படும்.' கீழே தராசுக்காரர் பெயர், நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி, காலை மணி பத்து நாற்பத்திரண்டு. அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. 'பார்த்தேன். சரி.' பெயர் மடிப்பக்காவுடையது. பகுதியை மடித்தவர் என்ற இடத்திலும் அதே பெயர்.

கணினிக்காரர் சொல்கிறார்: அம்மையார் பெயரையும் தேதியையும் விரலால் தொட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு, ஏற்றுமதிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். எறும்பு எழுத்தில் ஒரு வரி அங்கே இருந்தது: 'திறந்துள்ள பகுதிகள் மட்டும்.' அதன் எதிரே ஏற்கெனவே ஒரு குறி போட்டிருந்தது. பொத்தானை அழுத்துகிறவர் அந்தக் குறியை எடுத்தால்தான் மடித்தவையும் வெளியே போகும். சென்ற ஆண்டு அவர் அதை எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர் கண்ணில் படவில்லை. மடிக்கச் சொன்ன விதி அவருடையது, மடித்த கை அவருடையது, முழுமையான நகல் என்று முத்திரை குத்திய கையும் அவருடையது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி தராசுக்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் கிடங்குக்கே இறங்கி வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் உயிர் வந்தது. வழி சொன்னார்: அந்த ஒரு பகுதியை மட்டும் காப்பி செய்து, புதிய பக்கம் ஒன்றில் ஒட்டி, அச்சிட்டுக் கட்டில் சேர்த்துவிடலாம், தராசுக்காரர் தப்பித்தார், அக்காவும் தப்பித்தார், காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது.

"காப்பி பண்ணினா எழுதினவர்ங்கற இடத்துல என் பேரு வந்துரும் சார், இன்னிக்குத் தேதி வந்துரும்," என்றார் மடிப்பக்கா. "நாளைக்கு யாராவது பாத்தா, அவருக்காக நாம புதுசா எழுதிச் சேத்தோம்னுதான் சொல்லுவாங்க. அதோட, மத்த பக்கத்துல என்னென்ன விட்டுப்போச்சுன்னு நமக்கே தெரியாது. குழுவுக்கு நானே போய்ச் சொல்றேன்."

சொன்னால் சும்மா விடமாட்டார்கள், கறை படாத முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் கடைசி மாதத்தில் எழுத்தில் கண்டிப்பு வரும் என்று இயக்குநர் எச்சரித்தார். வரட்டும் என்றார்.

விசாரணை அறைக்குக் கணினிக்காரர் அந்தக் கிழட்டுக் கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனார். குழுத் தலைவர் வெளியிலிருந்து வந்தவர். சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று அஞ்சுகிறவர் போல இருந்தார். மடிப்பக்கா முதலில் கதை எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கண்ணெதிரே ஒரு வெற்றுப் பக்கம் திறந்தார். ஐந்து பகுதிகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எழுதினார். நான்கை மடித்தார். ஏற்றுமதி செய்து, அச்சிட்டு, தாளைத் தலைவர் கையில் கொடுத்தார். அதில் நான்கு இல்லை. பிறகு தராசுக்காரரின் பக்கத்தைத் திறந்து, மடிப்பை விரித்து, ஏற்றுமதி செய்து, அதையும் கொடுத்தார். தலைவர் இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நாலாயிரத்துச் சொச்சம் பக்கத்துக்கும் முழுமையான நகல்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒண்ணையாவது எண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல சார். எண்ணல."

அறையில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். அப்படியானால் மற்ற பக்கங்களை எப்படி நம்புவது, இந்த ஒரு பக்கத்தை மட்டும் எப்படி நம்புவது என்று தலைவர் கேட்டார். 

"நம்பாதீங்க," என்றார் மடிப்பக்கா. "நான் எண்ணிக் குடுக்கறேன்."

குழு கூடிப் பேசி முடிவு சொன்னது. நான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் மடிப்பு விரித்து மறுபடி ஏற்றுமதியாக வேண்டும். திரையில் உள்ள பகுதிகளும் தாளில் உள்ள பகுதிகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். அதன் பிறகே தராசுக்காரரைப் பற்றிப் பேச்சு. கணினி மாத இறுதியில் போகிறது. மடிப்பக்காவின் கையெழுத்து அதிகாரமும் அதே நாளில் முடிகிறது. இடையே இருந்தவை இருபத்தொரு வேலை நாள். முடியாவிட்டால் புதியவர் வந்து, புது ஆணை வாங்கி, எல்லாம் அடியிலிருந்து தொடங்கும். கணினியே போன பிறகு தொடங்குவதற்கு எதுவும் இருக்காது.

குறியை எடுத்துவிட்டு மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஏற்றுமதி செய்யலாமே என்று கணினிக்காரர் கேட்டார். செய்து பார்த்தார்கள், முந்நூறாம் பக்கத்தில் கணினி மூச்சு முட்டி நின்றது. பக்கம் பக்கமாகத்தான் போக வேண்டும் என்றாயிற்று. எப்படியும் எண்ணித்தான் ஆக வேண்டும், இது நல்லதுக்குத்தான் என்றார் மடிப்பக்கா. நாளொன்றுக்கு இருநூறு பக்கம் என்று சுண்ணக்கட்டியால் கிடங்குச் சுவரில் கணக்கு எழுதினார். கால் உடைந்த நாற்காலி ஒன்றுக்கு அட்டைப் பெட்டியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார்.

முதல் இரண்டு நாள் அவர் மட்டும் இருந்தார். நூற்றெண்பதைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் நுண்ணுயிர்ப் பிரிவு அம்மாள் டிபன் டப்பாவோடு கிடங்குக்கு வந்து, சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றார். சாப்பிட்டபடியே தாளை எண்ணத் தொடங்கிவிட்டார். மறுநாள் நால்வர் வந்தோம். ஒருவர் திரையைப் பார்த்து ஏழு என்பார், ஒருவர் தாளைப் பார்த்து ஏழு என்பார், மடிப்பக்கா கையெழுத்துப் போடுவார். சின்ன வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அந்தச் சத்தம் மாடிவரை கேட்கும். வீட்டில் மட்டும் அவருக்கு ஓய்வு கிடைத்ததா என்றால், அங்கே அவர் கணவர் இருந்தார். சலவைக் கடை வைத்திருப்பவர். நாற்பது வருஷமா நான் மடிச்சுப் பொழைக்கறேன், நீ பிரிச்சுப் பொழைக்கறியா என்று கேட்டபடியே அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாராம். இதைச் சொன்னவர் அந்தக் கணவரே; பின்வரிசையில் இருக்கிறார், மறுக்கட்டும் பார்ப்போம்.

பதினோராம் நாள் கணினி படுத்துவிட்டது. மின்சாரம் ஊட்டும் பெட்டி கருகிப்போய் வாடை வந்தது. அந்தக் காலத்துப் பெட்டிக்கு இந்தக் காலத்தில் எங்கே போவது? ஒன்றரை நாள் போனது. இதுவரை கலங்காத மடிப்பக்கா அன்று கிடங்கு வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தராசுக்காரர் மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அழுதார். நாங்கள் எவரும் அவர் பக்கத்தில் போகத் துணியவில்லை. கணினிக்காரர் மட்டும் எங்கோ ஓடினார். உணவகத்துச் சீட்டுப் போடும் பழைய கணினியின் வயிற்றைத் திறந்து அதன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எண்ணி முடியும்வரை உணவகத்தில் சீட்டைக் கையால் எழுதினார்கள். மடிப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவர்க் கணக்கில் இருநூறை அடித்துவிட்டு இருநூற்றைம்பது என்று எழுதினார்.

மடிப்புக்குள் எங்கள் கூடத்தின் குலக்கதையே கிடந்தது. முக்கியமான விளக்கங்கள் விடுபட்டவை ஒன்பது. அவற்றில் மூன்று அம்மையாரே எழுதியவை. பல பக்கங்களில் வெறும் 'சரி'கள். ஒரு மடிப்பை விரித்தபோது, 'மாலை வாங்க வேண்டியது: சோப்பு, பல்பு, பிள்ளைக்குப் பென்சில்' என்று இருந்தது. எழுதியவர், அப்போது சோதனையாளராக இருந்து இப்போது இயக்குநராக இருப்பவர். இதை விட்டுவிடலாமா அக்கா என்று எங்களில் ஒருவர் கேட்டார். இருப்பது இருக்கட்டும் என்று அதையும் ஏற்றுமதி செய்தார். மேலிடத்துக் காப்பகத்தில் அந்தப் பென்சில் இனி நிரந்தரமாக இருக்கும்.

நேற்று முன்தினம் பிற்பகல் மூன்றரை மணிக்கு நான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எண்ணி முடிந்தது. ஆயிரத்து முந்நூற்றாறு பக்கங்களில் மடிப்பு இருந்தது. எல்லாம் விரிந்தன, எல்லா எண்ணிக்கையும் ஒத்தன. மடிப்பக்கா மேலே வந்து, மேசை மேசையாகப் போய், ஏழாம் விதியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இட்டார்.

நேற்றுக் காலை குழு இரண்டு கடிதங்கள் கொடுத்தது. ஒன்று, தராசுக்காரர் மேல் குற்றமில்லை, உடனே பணிக்குத் திரும்பலாம் என்பது. மற்றொன்று, சரிபாராமல் கையெழுத்திட்டமைக்காக மடிப்பக்காவுக்கு எழுத்தில் கண்டிப்பு. அவர் அதை இரண்டு முறை படித்தார். எழுத்துப்பிழை ஏதுமில்லை என்று சொல்லிவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டு ஆண்டில் அலுவலகம் தனக்கென்று எழுதிய ஒரே கடிதம் இதுதான், பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடிதம் அநியாயம் என்று நாங்கள் இந்த அவையிலேயே சொல்கிறோம். அது நியாயம் என்று அவர் அங்கே தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

பிறகு அவர் தராசுக்காரர் வீட்டுக்கே போனார். கதவைத் திறந்தவர் தராசுக்காரர். உள்ளே வாருங்கள் என்று சொல்வதற்குள் மடிப்பக்கா பேசிவிட்டார்.

"எழுதினத நானே படிச்சு, நானே மடிச்சிருக்கேன் தம்பி. அப்பறம் உங்கள நம்பாம ரெண்டு நாள் இருந்தேன். அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

தராசுக்காரர் அவரை உள்ளே அழைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்த ஒரு மாதம் தராசை எவராவது மட்டம் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் மடிப்பக்கா. அப்படியானால் காலையில் முதல் வேலை அதுதான் என்றார் அவர். மகள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

யாரோ ஒருத்தியின் கதை இவ்வளவே, அம்மையாரே! இனித் தங்களிடம் நேரே பேச அனுமதியுங்கள். பிழையே செய்யாத பெரியோரைப் போற்றும் மடல்கள் எத்தனையோ உண்டு. பிழையைத் தேடிப் போய்ப் பிடித்து, 'இது என்னுடையது' என்று தூக்கிக் காட்டிய தங்களைப் போற்ற எங்களுக்குப் பழகிய சொற்கள் போதவில்லை. தங்கள் முழங்கால் வலி நீங்குக! தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க! சலவைக் கடையில் நாளை முதல் தாங்கள் சட்டம் பேசப் போவது உறுதி; அதைத் தாங்கும் வலிமை தங்கள் கணவருக்கு வாய்க்குக! நோயின்றி, நொடியின்றி, நினைத்த நேரத்தில் எழுந்து, நிறைந்த மனதோடு உறங்கி, நூறாண்டுக்கு மேலும் தாங்கள் வாழ வேண்டும். அதில் ஓராண்டு குறைந்தாலும் எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்போம்.

இம்மடலை யார் வாசிப்பது என்று கேள்வி எழுந்தபோது, கணீரென்ற குரல் உடையவர்கள் எங்களில் பலர் இருந்தார்கள். அவர்களை வேண்டாம் என்றோம். வாசிப்பவர் மெல்லப் பேசுகிறார், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். அவர் இன்று காலை ஒன்பது மணிக்குத் தராசறையைத் திறந்தார். தராசை மட்டம் பார்த்தார். ஆறு மாதிரிகளை எடை போட்டுத் தன் பெயரில் கையெழுத்திட்டார். கையைக் கழுவிக்கொண்டு நேராக இந்த மேடைக்கு வந்திருக்கிறார்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
தராசறை, நுண்ணுயிர்ப் பிரிவு, கணினிப் பிரிவு, உணவகம், இயக்குநர் அலுவலகம் உள்ளிட்ட
மருந்துப் பரிசோதனைக் கூடத்துப் பணியாளர்கள் அனைவரும்